மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு டேப்லெட் வாங்கித் தரலாமா, இல்லை கீபோர்டைக் கழற்றி மாட்டுகிற சின்ன லேப்டாப்பாக வாங்கலாமா? நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்பவள். நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் இருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எந்த பிராசசர், எத்தனை ஜிபி ரேம் என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பேன். அதில் எழுதப்போவது அதிகமா, படிக்கப்போவது அதிகமா? எழுதுவது என்றால் விரலால் தட்டியா, பேனாவைப் பிடித்தா? இதற்குப் பதில் தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் போகிறவர்கள்தான் "ரெண்டும் ஒண்ணுலயே இருக்கே" என்று டூ-இன்-ஒன்னை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இரண்டும் ஒன்றில் இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். யாருக்குத் தேவை என்பதையும் சொல்கிறேன்.

இந்தப் போட்டி இன்று நேற்று வந்ததல்ல. 2007 கடைசியில் ஏசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்று மலிவான சின்ன லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். நெட்புக் என்ற பெயர் எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அடுத்தடுத்து வந்தவை பத்து அங்குலத்துக்கு வளர்ந்தன; இன்டெல் ஆட்டம் சிப், 1 ஜிபி ரேம். அவற்றில் போட்டுத் தந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது. 2010 ஜனவரியில் ஐபேடை அறிமுகப்படுத்தியபோது, நெட்புக் எந்த ஒரு வேலையையும் மற்றவற்றைவிட நன்றாகச் செய்வதில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார். அதற்குப் பதில்போல 2011இல் ஏசுஸின் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. ஆண்ட்ராய்டு டேப்லெட், அடியில் மாட்டிக்கொள்ள ஒரு கீபோர்டு, அந்தக் கீபோர்டுக்குள் இன்னொரு பேட்டரி. மறுவருடம் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டி. பார்க்க விண்டோஸ்தான், ஆனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. 2013இல் டிரான்ஸ்ஃபார்மர் புக் டி100 முழு விண்டோஸோடு மலிவாக வந்தபோதுதான், கழற்றி மாட்டுகிற நெட்புக் என்பது நடுத்தரக் குடும்பங்கள் எட்டிப் பார்க்கிற பொருளானது.

இப்போது யாரும் பெட்டியின்மேல் நெட்புக் என்று அச்சடிப்பதில்லை. டூ-இன்-ஒன், மடக்குகிற கன்வெர்ட்டிபிள், கழற்றுகிற டிட்டாச்சபிள், கூகுளின் இயங்குதளம் ஓடும் குரோம்புக் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் அந்தத் தலைமுறையின் ஒரு குறை விலை குறைந்த மாடல்களில் இன்னும் தொடர்கிறது, அதுதான் சேமிப்பு. டி100இன் அடிப்படை மாடலில் இருந்தது 32 ஜிபி. விண்டோஸே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடும். பெரிய அப்டேட் வரும்போது இடம் போதாமல் திணறும். இன்றைக்கு விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும். "விண்டோஸ் 11 ஓடும்" என்று போட்டு 64 ஜிபி இஎம்எம்சியோடு விற்கிறார்களே, அது விதிப்படி சரி, பயன்பாட்டில் சரியில்லை. இஎம்எம்சி என்பது மதர்போர்டோடு சாலிடர் செய்யப்பட்ட சேமிப்பு. பிற்பாடு கழற்றிப் பெரிதாக மாற்ற முடியாது, வேகத்திலும் எஸ்எஸ்டிக்குப் பல மடங்கு பின்தங்கியது. விளம்பரத் தாளில் "இஎம்எம்சி" என்ற எழுத்துகளைப் பார்த்தால் விண்டோஸ் கருவியாக அதை வாங்காதீர்கள். குரோம்புக்காக இருந்தால் அவ்வளவு மோசமில்லை, அதன் இயங்குதளம் சிறியது.

செகண்ட் ஹாண்டில் பழைய கழற்று லேப்டாப்புகள் மலிவாகக் கிடைக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தப் பழைய கருவிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு ஏறாது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள் தவிர மற்றவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரி, கடைக்கு வருவோம். என் அண்ணன் மகள் திருச்சியில் வேதியியல் சேர்ந்திருக்கிறாள், விடுதி வாசம். அவளுக்கு ஒன்று, எனக்கும் பழையதை மாற்ற ஒன்று என்று இரண்டு பேருமாகச் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். விற்பனைப் பையன் கையில் ஒரு டிட்டாச்சபிளை எடுத்து, டக்கென்று கீபோர்டைப் பிரித்துக் காட்டினான்.

"மேடம், கழட்டினா டேப், மாட்டினா லேப்டாப். காலேஜுக்கு இதுதான் போகுது."

"ஒரு ஸ்டூல் குடுங்க தம்பி" என்றேன்.

அவளை உட்கார வைத்து மடியில் வைக்கச் சொன்னேன். பின்பக்கம் விரியும் தாங்கியின் விளிம்பு முழங்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கால்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் நிற்கிறது, ஒரு காலைக் கொஞ்சம் அசைத்தாலும் திரை பின்னால் சாய்கிறது. அவள் தட்டத் தட்ட, துணி ஒட்டிய மெல்லிய கீபோர்டு நடுவில் வளைந்து குதித்தது.

"அத்தை, மேசையில வெச்சா நல்லாத்தான் இருக்கும்."

"உன் ஹாஸ்டல் ரூம்ல எத்தனை மேசை?"

அவள் சிரித்துவிட்டாள். நாலு பேருக்கு இரண்டு மேசை. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் பாதிப் படிப்பு நடக்கப்போகிறது.

இதில் அந்தக் கருவியைச் செய்தவர்களின் குறை எதுவும் இல்லை. சாதாரண லேப்டாப்பில் பேட்டரி, போர்டு எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கின்றன. கனம் அடியில், திரை லேசு. கழற்றுகிற வகையில் எல்லாமே திரைக்குப் பின்னால் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிய பிறகு அது தனியாக ஓடாது. தலை கனமாகவும் அடி லேசாகவும் இருக்கிற எதற்கும் பின்னால் ஒரு முட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். அந்த முட்டு விரிய இடம் வேண்டும். ரயிலில் ஏசி சேர் கார் இருக்கைக்கு முன்னால் இருக்கும் தட்டில் அந்த ஆழம் கிடையாது; நான் சென்னைக்கும் மதுரைக்குமாகப் போய்வரும்போது பக்கத்து இருக்கைக்காரர்கள் அந்தத் தாங்கியோடு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். முழுதாக மடங்கும் 360 டிகிரி கீல் வைத்தவை மடியில் உறுதியாக நிற்கும், அது வேறு வகை. ஆனால் அவற்றை டேப்லெட்டாகக் கையில் பிடித்தால் கீபோர்டின் கனமும் சேர்ந்து கையில் இருக்கும். ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எத்தனை பக்கம் படிக்க முடியும்?

கனத்தைப் போலவே விலையையும் முழுசாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2025 மார்ச்சில் வந்த 11 அங்குல ஐபேட், ஏ16 சிப் உள்ளது, இந்தியாவில் அறிமுக விலை 34,900 ரூபாய். அதற்கு ஆப்பிளே விற்கும் மேஜிக் கீபோர்டு ஃபோலியோவின் அப்போதைய பட்டியல் விலை 24,900. யுஎஸ்பி-சி பென்சில் 7,900. மூன்றையும் கூட்டினால் 67,700. அந்தப் பணத்துக்கு 16 ஜிபி ரேம் உள்ள நல்ல லேப்டாப் ஒன்று தாராளமாகக் கிடைக்கும். ஐபேட் மோசம் என்று நான் சொல்லவில்லை. 34,900க்கு அது அருமையான டேப்லெட், 67,700க்கு அது சுமாரான லேப்டாப். ஆண்ட்ராய்டிலும் கணக்கு இதே போக்குதான், தொகைதான் சிறியது. கீபோர்டு உறை வந்ததும் எடையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அரைக் கிலோ டேப்லெட் ஒரு கிலோ ஆகிவிடும்.

மென்பொருள் விஷயத்தில் படிப்பே தீர்ப்பு சொல்லிவிடும். பி.காம். மாணவருக்குக் கணக்கு எழுதும் டாலி மென்பொருள் வேண்டும், டாலி விண்டோஸில்தான் நிறுவ முடியும். டேப்லெட் பேச்சே இல்லை. பொறியியல் என்றால் வரைபடம் போடும் ஆட்டோகேட், நிரல் எழுதும் பிள்ளை என்றால் கம்பைலர், இவையும் லேப்டாப் கேட்பவை. இன்னொன்றைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. மொபைலிலும் டேப்லெட்டிலும் மைக்ரோசாஃப்ட் வேர்டு செயலியில் இலவசமாகத் திருத்த முடிவது 10.1 அங்குலம் வரையுள்ள திரைகளில்தான். அதற்கு மேல் போனால் படிக்கலாம், திருத்தச் சந்தா கட்ட வேண்டும். பெரிய திரை நல்லதென்று 11 அங்குலம் வாங்கி, வீட்டுக்கு வந்து வேர்டைத் திறந்தால் சந்தா கேட்கும். கல்லூரி மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் கணக்கும் தருகிறார்களா என்று முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கூகுள் டாக்ஸ் இருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது தமிழில் எழுதுவதைப் பற்றி. ஆங்கிலத்தில் எழுதப்படும் எந்த ஒப்பீட்டிலும் இது வராது. டேப்லெட்டின் திரையிலேயே தமிழ் தட்டுவதற்கு இன்று குறை ஒன்றுமில்லை. செல்லினம், ஜிபோர்டு என்று தட்டச்சுச் செயலிகள் இருக்கின்றன. ஐபேடில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை அமைப்புகளும் உள்ளேயே வருகின்றன. குறுஞ்செய்தி எழுதுகிற அளவுக்கு எல்லாம் சுகம். ஆனால் படுக்கைவாட்டில் திருப்பினால் அந்தத் திரைக் கீபோர்டு பாதித் திரையை மூடிக்கொள்ளும். மேலே தெரியும் ஆறேழு வரியில் ஒரு கட்டுரையின் போக்கைப் பிடித்து எழுத முடியாது. சரி, நிஜக் கீபோர்டை மாட்டிக்கொள்ளலாம் என்றால், ஆண்ட்ராய்டில் திரையில் தமிழ் தட்டத் தெரிந்த செயலி வெளிக் கீபோர்டிலும் அப்படியே தட்டித் தரும் என்று சொல்ல முடியாது. சில தரும், சில ஆங்கில எழுத்தையே போடும்.

ஆகவே கடையிலேயே தட்டிப் பாருங்கள். தமிழ்99 பழகியவர்களுக்கு நான் சொல்லும் சோதனைச் சொற்கள் இரண்டு, பக்கம், தங்கம். தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும். ப, க, க, ம, புள்ளி என்று ஐந்து தட்டில் "பக்கம்" வந்துவிடும். அதேபோல ங-வைத் தொடர்ந்து க தட்டினால் ங்க ஆக வேண்டும். த, ங, க, ம, புள்ளி என்றால் "தங்கம்". வெறுமனே விசைகளுக்கு எழுத்தை ஒட்டிவைத்திருக்கும் சில ஏற்பாடுகளில் இந்தத் தானியங்கிப் புள்ளி இருக்காது. "பககம்" என்று நிற்கும். ஒவ்வொரு வல்லின இரட்டிப்புக்கும் நாமே புள்ளி வைக்க வேண்டும். தமிழில் அது எத்தனை இடத்தில் வரும் என்று யோசித்துப் பாருங்கள், நாளைக்குச் சில ஆயிரம் சொற்கள் எழுதுகிறவருக்கு விரல் ஒடிந்துவிடும். விண்டோஸில் 2019 மே மாத அப்டேட்டிலிருந்து தமிழ்99, அஞ்சல் இரண்டும் கூடவே வருகின்றன. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை ஆகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பழகியவர்களும் அங்கே வசதியாக இருக்கலாம். லினக்ஸிலும் வழி இருக்கிறது.

இதோடு இன்னொரு தலைவலி. அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டிடிபி செய்கிறவர்களும் சில அலுவலகங்களும் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்பு அனுப்புகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் "jkpo;" மாதிரி ஏதோ ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். விண்டோஸில் எழுத்துருவை நிறுவிவிட்டால் படித்துவிடலாம், எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றவும் செய்யலாம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வேர்டு கோப்புக்காக ஒரு எழுத்துருவை நிறுவுவது அத்தனை எளிதல்ல. தமிழில் எழுதிச் சம்பாதிக்கிறவர் யாராக இருந்தாலும் லேப்டாப்பே வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும்.

படிப்பதற்கு மட்டும் என்றால் கதை தலைகீழ். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 10.1 அங்குல அகலத்திரை டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 136 மில்லிமீட்டர்தான். ஒரு பிடிஎஃப் பக்கம் அறுபத்தைந்து சதவீதமாகச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து 8 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். தமிழில் புள்ளி இருக்கிறதா இல்லையா, ணகரமா னகரமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவு அது. நீள அகலம் 4:3க்குப் பக்கத்தில் இருக்கும் 11 அங்குலத் திரையில் அகலம் 157 மில்லிமீட்டர் வரை கிடைக்கும், எழுத்து 9 பாயிண்ட் அளவில் நிற்கும். அந்த ஒரு பாயிண்ட் வித்தியாசம் மெய்ப்புப் பார்க்கிற கண்ணுக்குப் பெரிது. அதனால் பாடநூல் பிடிஎஃப் படிக்க டேப்லெட் தேடுகிறவர்கள் அங்குலக் கணக்கை மட்டும் கேட்காமல் திரை சதுரத்துக்குப் பக்கமா, நீளவாக்கா என்று பாருங்கள். 11.6 அங்குல அகலத்திரை நெட்புக் வகையில் படுக்கைவாட்டில் திரையின் உயரமே 144 மில்லிமீட்டர். முழு அளவில் வைத்தால் பக்கத்தின் பாதிகூடத் தெரியாது, உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அண்ணன் மகளைப் பற்றிப் பேசினால்தான் பேனாவைப் பற்றிப் பேச முடியும். கடையில் ஒரு டேப்லெட்டில் அவள் பென்சீன் வளையம் ஒன்றை வரைந்தாள். அதிலிருந்து ஒரு அம்பு, இன்னொரு வளையம், மேலே வினையூக்கியின் பெயர். அப்புறம் ஒரு பக்கத்தை அழித்து மறுபடியும் வரைந்தாள். இதைக் கீபோர்டில் தட்ட வழியே இல்லை. அவள் பாடத்தில் பாதி இப்படித்தான் இருக்கப்போகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. ஆசிரியர் அனுப்பும் பிடிஎஃபின் மேலேயே அவள் எழுதிக்கொள்வாள். பேனாவில் கவனிக்க வேண்டியது, உள்ளங்கை திரையில் பட்டால் அது கோடாக விழக் கூடாது, அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்க வேண்டும். நுனியில் ரப்பர் வைத்த நூறு ரூபாய்ப் பேனாக்கள் விரலுக்குப் பதிலான குச்சிகள்தான். ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றின் திரையில் பெரும்பாலும் எழுதாது. சாம்சங்கின் எஸ் பென்னுக்கு எழுத சார்ஜ் தேவையில்லை, ஆப்பிள் பென்சிலுக்கு சார்ஜ் வேண்டும். பெட்டியிலேயே பேனா வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள், சில மாடல்களில் டேப்லெட் விலையில் நாலில் ஒரு பங்கு பேனாவுக்குப் போய்விடும்.

டூ-இன்-ஒன் யாருக்கு? கணக்கு ஆசிரியையான என் தோழிக்கு. வகுப்பில் புரொஜெக்டரோடு இணைத்து, நின்றபடியே திரையில் பேனாவால் கணக்கைப் போட்டுக் காட்டுகிறாள். மாலையில் அதே கருவியில் கீபோர்டை மாட்டி வினாத்தாள் தட்டுகிறாள், எக்செலில் மதிப்பெண் ஏற்றுகிறாள். காலையில் பேனா, மாலையில் கீபோர்டு, இரண்டும் தினமும், இரண்டுக்கும் ஒரே கோப்பு. அப்படி ஒரு வேலை இருந்தால் அந்தக் கூடுதல் விலைக்கு நியாயம் இருக்கிறது. என்றாவது ஒருநாள் டேப்லெட்டாகத் தேவைப்படலாம் என்பதற்காகக் கொடுத்தால் நியாயமில்லை.

விடுதிக்கு இன்னொரு விஷயம் உண்டு, மின்சாரம். டேப்லெட்டைச் சாதாரண பவர் பேங்கிலேயே ஏற்றிவிடலாம். லேப்டாப் வகைகளுக்கு 45 அல்லது 65 வாட் வேண்டும், அதற்கான பவர் பேங்க் விலையும் கனமும் அதிகம். ஒரே பிளக் பாயிண்ட்டை நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் அறையில் இது சின்ன விஷயமில்லை. பழுது பார்ப்பதில் லேப்டாப் கை ஓங்கும். கீபோர்டு போனாலும் பேட்டரி உப்பினாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே மாற்றித் தருவார்கள். டேப்லெட்டும் டிட்டாச்சபிளும் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியவை. பேட்டரி மாற்ற முதலில் திரையைச் சூடுகாட்டிப் பிரிக்க வேண்டும், அதில் திரை உடைந்தால் பாதிக் கருவி விலை போய்விடும்.

கடைசியில் அவளுக்கு 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட், பேனா பெட்டியிலேயே வந்தது. கீபோர்டு உறை வாங்கவில்லை. எனக்குக் கழற்றாத, மடக்காத 14 அங்குல லேப்டாப். 16:10 திரை, எஸ்எஸ்டி, 1.4 கிலோ. "பக்கம்", "தங்கம்" இரண்டும் ஒழுங்காக விழுந்த பிறகுதான் பில் போடச் சொன்னேன். அவளுடைய கல்லூரியில் முதல் வருடம் ரெக்கார்டு நோட்டையெல்லாம் கையால்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம், தட்டச்சு வேலை பெரிதாக இல்லை. மூன்றாம் வருடம் புராஜெக்ட் அறிக்கை வரும். அப்போது மேசையில் வைத்துத் தட்ட ஒரு சாதாரண புளூடூத் கீபோர்டு போதுமா, இல்லை என் பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.